இரண்டு முட்டை, ஒரே சட்டி

எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது என்பான் அவெலினோ.
முட்டை நீந்த வேண்டும்,
நடக்கக் கூடாது.

காலை ஆறு நாற்பது.
வீகோ துறைமுகத்தின் மேல் மழை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
இரவெல்லாம் பிறர் படுக்கைகளை வெளுத்துவிட்டு
நான் படியேறி வருகையில்
மத்தி டப்பா ஆலைக்குப் போகும் பூட்ஸில்
ஒரு காலை நுழைத்திருப்பான்,
மறு காலில் காலுறை மட்டும்.
அப்படியே நொண்டிக்கொண்டு போய்
அடுப்பைப் பற்றவைப்பான்.

எங்கள் இல்லறம்
இருபது நிமிடம் நீளம்,
இருபத்துநான்கு சென்டிமீட்டர் அகலம்.
கைப்பிடி ஆடும்.

முட்டையைச் சட்டி விளிம்பில் தட்டமாட்டான்,
கல்மேடையில்தான்.
ஒரே தட்டு.
இரண்டாவது தட்டு கேட்டால்
முந்தின நாள் ஏதோ நடந்திருக்கிறது:
மேஸ்திரி ஏசியிருப்பான்,
இல்லை, மீன் வரத்து இல்லை.
நான் கேட்பதில்லை.
கேட்க ஆரம்பித்தால் மஞ்சள் இறுகிவிடும்.

எண்ணெய் உறுமும்.
வெள்ளை பாவாடை விரித்து உட்காரும்,
ஓரம் பொரிந்து பின்னலாகும்.
சூட்டைக் கரண்டியில் மொண்டு
மஞ்சளின் உச்சியில் விடுவான்,
குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற கவனத்தோடு.
எங்களுக்குக் குழந்தை இல்லை.
அதைப் பேசவும் இருபது நிமிடம் போதாது.

இரண்டு வெள்ளையும் ஒட்டிக்கொள்ளும்.
எது யாருடையது?
கரண்டி முனையால் நடுவில் கோடு கிழிப்பான்,
பங்காளி வரப்பு வெட்டுவதைப் பார்ப்பதுபோல்
நான் பார்த்திருப்பேன்.
பெரிய பாதி எப்போதும் என் தட்டில்.
பதினொரு வருடம்
அதைக் கைத்தவறு என்றே நினைத்திருந்தேன்.

மார்ச்சில் ஆலையை மூடினார்கள்.

அடுத்த திங்கள் காலை
இரண்டு காலிலும் வீட்டுச் செருப்போடு நின்றான்.
"அவசரமில்லை சபேலா, குளித்துவிட்டு வா."
அவசரமில்லை.
அந்தச் சொல்லை
எங்கள் சமையலறை கேட்டதே இல்லை.

குளித்தேன். தலை துவட்டினேன்.
திரும்பி வந்தபோது
உடைக்காத முட்டையைக் கையில் வைத்தபடி
ஜன்னல் வழியே
கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது.
தட்டினான்.
ஒன்று. இரண்டு. மூன்று.
மஞ்சள் உடைந்து வெள்ளைக்குள் ஓடியது.
அடுத்தது ஓட்டுத் துணுக்கோடு விழுந்தது.
கோடு கிழிக்க மறந்துபோனான்.

சாப்பிட்டோம்.
ரொட்டியைப் பிய்த்துத் தோய்க்க ஒன்றுமில்லை.
பல்லில் ஓடு நறநறத்தது, சொல்லவில்லை.
ஆறு ஐம்பத்தொன்பது.
ஏழு.
ஏழு ஐந்து.
கடிகாரத்தைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான்.
கோட்டு ஆணியிலேயே தொங்கியது.

"அப்புறம்?" என்றேன்.
சும்மாதான் கேட்டேன், தூக்கக் கலக்கத்தில்.

பேச ஆரம்பித்தான்.
மூடி அடிக்கும் மெஷினில் விரல் நுனி விட்ட உகியோ,
மதிய மணிக்கு முன்பே பசிக்கும் பிருத்தா,
அவள் பாடினால் பெல்ட் வேகமாக ஓடுவதாக
எல்லோரும் சத்தியம் செய்தது,
கடைசி நாளின் கடைசி டப்பாவை
யார் வைத்துக்கொள்வதென்று வந்த சண்டை.
இத்தனை பேர்
பதினொரு வருடம் அவன் சட்டைப்பையில் இருந்திருக்கிறார்கள்,
எனக்கு மீன் வாடை மட்டும் தெரிந்திருக்கிறது.

ஏழே முக்காலுக்குக் கண் சொருகியது.
ஆனாலும் எழுந்துபோனேன்,
அவன் பேச்சை நிறுத்திவிடக் கூடாது என்று.
டின்னைச் சாய்த்தேன்.
விலை நினைவுக்கு வந்தது, கை தானாக நிமிர்ந்தது.
ஒரே முட்டை. ஒரே தட்டு.
மஞ்சளைச் சேதமில்லாமல் அவன் பக்கம் விட்டு
கோடு கிழித்தேன்.

என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்.

"முட்டை நடக்கிறது" என்றான்.