இரண்டு மணிக்கு இஸ்திரி

சாம்ஃபியாவில் இப்போது கரண்ட்
அதிகாலை இரண்டுக்கு வருகிறது, ஐந்துக்குப் போகிறது.
அணையில் தண்ணீர் இல்லையாம்.
அட்டவணையில் மாலை ஆறு என்றுதான் போட்டிருக்கிறது.
அதை நம்பிய முதல் மாதம்
ஒரு கிலோ ஏரிமீன்
குளிர்பெட்டிக்குள்ளேயே எங்களை விட்டுப் போனது.

நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
ஏனோஸ் பிரசங்கம் எழுதுகிறார்,
சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் மாதிரி.
ஏதாவது கேட்டால் நிமிர்கிறார், என் கண் கூசுகிறது.
"முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் பேசுங்கள்."
இருபத்தோரு வருடக் குடித்தனத்தில்
இப்படியொரு வாக்கியம் சொல்வேன் என்று
நினைத்ததில்லை.

ஊர்ச் சபைக்கு எழுதினோம்:
மின்தடை ஒரு சவால், ஜெபித்துக்கொள்ளுங்கள்.
(சவால் என்பது
அழுகைக்கு மிஷனெரிகள் வைத்திருக்கும் பெயர்.)
காணிக்கை எடுத்துப் பணம் அனுப்பினார்கள்.
லுசாக்காவிலிருந்து பஸ் கூரையில்
பாட்டரி வந்து இறங்கியது.
அது நிறைய எட்டு மணி நேரம் வேண்டும்,
கிடைப்பது மூன்று.
அரைவயிற்றுப் பிள்ளைபோல் மூலையில் கிடந்து
இரவெல்லாம் பீப் பீப் என்கிறது.
சபைக்கு நன்றிக் கடிதம் போய்விட்டது.

பனா கபாசோ, அதாவது கபாசோவின் அம்மா,
தகரக் கூரையில் ஒரு சோலார் தகடு வைத்திருக்கிறாள்.
போன் ஒன்றுக்கு ஐந்து குவாச்சா.
முதல் தடவை
நான் சில்லறை எடுக்காமல் நின்றேன்.
அவளும் நின்றாள்.
"போதகர் வீட்டுப் போனும்
அதே வெயிலைத்தான் குடிக்கிறது."
கொடுத்தேன்.
வீடு வரும்வரை காது சுட்டது.
வாசலில்தான் உறைத்தது:
நாலு வருடத்தில் இந்தத் தெருவில் ஒருத்தி
என்னை விருந்தாளியாக அல்ல,
பக்கத்து வீட்டுக்காரியாக நடத்தியது
இன்றைக்குத்தான்.

மணி இரண்டு.
குளிர்பெட்டி உறுமுகிறது.
யாரோ அணைக்க மறந்த ரேடியோ
பாதி வாக்கியத்திலிருந்து பேசத் தொடங்குகிறது.
முலேங்காவின் வெல்டிங் பட்டறையில் நீலப் பொறி.
முடிவெட்டும் கடையில் பையன்கள் மூன்று பேர்
தலையை ஒப்படைத்துவிட்டுத் தூங்குகிறார்கள்.
மாவு மில்லில் வரிசை,
தலையில் சோள வாளி, முதுகில் குழந்தை.
ஏனோஸும் எங்கள் வாளியோடு போகிறார்.

திரும்பி வரும்போது புருவமெல்லாம் மாவு.
"மில்லில் வேலை செய்கிற பையன் பேசினான்.
கிட்வேயில் அவன் அண்ணன்மேல்
மண் சரிந்ததாம். உடல் கிடைக்கவில்லை."
ஒரு வருடமாக அவன் ஆறு மணிக் கூட்டத்துக்கு வந்து
கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருந்தவன்.
"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"
"எங்கள் முறை வந்துவிட்டது.
அவன் கொட்டினான்.
நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன்."
அப்புறம் அவர் முகம் கழுவப் போனார்,
வெகுநேரம் கழுவினார்.

நான் இஸ்திரி போடுகிறேன்.
கதவில் தட்டல். பனா கபாசோ,
தோளில் மூன்று பள்ளிச் சட்டைகள்.
அவளிடம் மின்சார இஸ்திரிப்பெட்டி கிடையாது.
"சட்டைக்கு எவ்வளவு?"
"சும்மா" என்றேன். அவள் உட்காரவில்லை.
"சரி, ஒரு குவாச்சா."
உட்கார்ந்தாள்.

மூன்றாவது சட்டையின் இடது கையில்
கரண்ட் போனது.
மணி ஐந்துகூட ஆகவில்லை.
"பெட்டி சூடாகத்தானே இருக்கிறது, அழுத்து"
என்றது இருட்டு.
அழுத்தினேன், முழங்கை வரை வந்தது சூடு.
அதற்குமேல் துணி துணியாகவே இருந்தது.

சட்டைகளை அவள் வாரிக்கொண்டாள்.
மேசையில் உலோகச் சத்தம்.
கதவு சாத்தப்பட்ட பிறகு தடவி எண்ணினேன்:
இரண்டு குவாச்சா,
ஓர் ஐம்பது எங்குவே.
கணக்கு சரி.