ஐவர் சீட்டு

வார இறுதிச் சலுகை. முப்பத்தைந்து மார்க்.
ஐந்து பேர் வரை எங்கும் போகலாம்,
ஊர் ஊராய் நின்று போகும் வண்டியில் மட்டும்.

கோட்புஸ் இரண்டாம் மேடையில், காலை ஆறரைக்கு,
கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நிற்பேன்:
லைப்சிக். தலைக்குப் பத்து.
நிலக்கரி ஆலையை மூடியபின் நான் போடும் ஒரே கணக்கு
நாலு பத்து நாற்பது, சீட்டுக்குப் போக மிச்சம் ஐந்து.
திரும்பும்போது கிடைப்பது முழுக்க எனக்கு.

லைப்சிக்கில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.
ஒரு காபி. கொஞ்ச நேரம் கடிகாரம்.
மறுபடி அட்டை.

சீட்டில் என் பெயர், ஹார்ட்முட் நொவாக்.
பரிசோதகர் வரும்போது ஐவரும் ஒரே குடும்பம்:
டிராம்போன் பெட்டியை மடியில் கிடத்திய பையன்,
சூரியகாந்தி விதை கொறிக்கும் இரண்டு பேர்,
ஜன்னலோரம் கெர்லிண்டே.
டோர்காவில் இறங்குவாள். மகன் அங்கே சிறையில்.
எப்படியும் வெட்டிப் பார்ப்பார்கள் என்று
கேக்கை வீட்டிலேயே துண்டு போட்டுவிடுவாள்.
ஓரங்கள் எங்களுக்கு.

அந்தச் சனி மாலை லைப்சிக்கில் மூவர் சேர்ந்தாயிற்று.
நாலாவதாக ஒரு சிப்பாய், நோட்டை மடித்துப் பிடித்தபடி.
இடமில்லை என்றேன்.
காலி இருக்கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"டோர்காவில் ஆள் ஏறுவாங்க."

டோர்காவில் இரண்டு நிமிடம்.
ஒரு கால் படியில், ஒரு கால் மேடையில்.
மழை. ஒரு தபால் வண்டி. யாரோ ஒருவரின் நாய்.
விசில்.

"ஐந்தாவது ஆள்?" என்றார் பரிசோதகர்.
"கழிப்பறையில்."
தேவையே இல்லாத பொய்;
நாலு பேர் போனாலும் சீட்டு செல்லும்.

வாரம் முழுக்க அவளுடைய மகனுக்கு
என்னென்னவோ நடத்திப் பார்த்தேன்.
காய்ச்சல். வேறு சிறை. ஒரு நாள் விடுதலைகூட.

சனிக்கிழமை வந்தாள், அதே டப்பாவோடு.
"டோர்காவில் இன்னொருத்தன் நிற்கிறான், அட்டையோடு.
ஒன்பதுக்குக் கூட்டிப் போனான்."
கொஞ்சமும் கூசாமல் சொல்லிவிட்டுப் பத்தை நீட்டினாள்.

ஒரு மார்க்கைத் திருப்பிக் கொடுத்தேன்.
இரண்டு பக்கமும் பார்த்துப் பர்ஸில் போட்டாள்.
அட்டையில் பத்தை அடித்தேன்.
பேனா உறைந்திருந்தது, ஊதி ஊதித்தான் எழுதியது.
நாலு ஒன்பது முப்பத்தாறு.
மிச்சம் ஒன்று.