எதிரி வராத பக்கம்

புந்தா அரினாஸில் அக்டோபர் வந்தால்
காற்றுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று பொருள்.
கொடியில் போட்ட சட்டையை
மூன்றாம் தெருவில் போய்க் கேட்டு வாங்க வேண்டும்.
இந்த ஊரில்தான்
என் பிள்ளைகள் கோட்டை கேட்டார்கள்.

நண்டு ஆலையின் பின்வாசலில்
லாரி ஏற்ற மறுத்த பேலட்டுகள் ஐந்து,
விளிம்பு உடைந்தவை, கடல்வாடை போகாதவை.
“அடுப்புக்கா?” என்றார் மேற்பார்வையாளர்.
“ராணுவத்துக்கு” என்றேன்.

ஆணி பிடுங்குவது பெரிய கலை ஒன்றுமில்லை.
கோபம் இருந்தால் போதும்,
அந்த வாரம் என்னிடம் தாராளமாக இருந்தது.
வளைந்தவற்றைக் கல்லில் வைத்து நிமிர்த்தினான் நீக்கானோர்,
நாக்கைக் கடித்துக்கொண்டு.
ராயேன் எண்ணினாள்.
பதினான்குக்கு மேல் அவளிடம் எண்கள் இல்லை,
ஆகவே மறுபடியும் ஒன்று.

தரை ஈரம். ஒரு பேலட் அதற்கே போயிற்று.
மூன்று எழுந்து நின்றன,
மூலைக்கு மூலை கம்பி முறுக்கி.
ஐந்தாவதை அறுத்துக் கூரைக்குச் சட்டம் போட்டு,
தகரம் விரித்து, மேலே ஒரு டயரை ஏற்றி வைத்து,
வியர்வையைத் துடைத்தபோதுதான்
கணக்கு இடித்தது.
ஒரு பக்கம் வெறுமனே திறந்து கிடந்தது.

“திங்கட்கிழமை இன்னொன்று கொண்டுவருகிறேன்” என்றேன்.
தளபதிகள் இருவரும்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிவந்து பார்த்தார்கள்.
“வேண்டாம். அந்தப் பக்கம் எதிரி வரமாட்டான்.”

போரைப் பற்றி எனக்கென்ன தெரியும்.

முதல் எதிரி பக்கத்து வீட்டு நாய்.
ஒரு ரொட்டித் துண்டுக்குக் கட்சி மாறியது.
அப்புறம் இரண்டு நாள் சமாதானம்,
இருவருக்கும் சலித்துப்போனது.
மூன்றாம் இரவு காற்று வந்தது.
டயரை உருட்டிவிட்டு, தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய்
வேலிக்கு அப்பால் தான்கோவின் கண்ணாடிக் குடிலில் இறக்கியது.
இன்னும் பூக்கூட விடாத
நான்கு தக்காளிச் செடிகள் காலி.

காலையில் துடைப்பக்கட்டையில் தலையணை உறை கட்டிச்
சரணடையப் போனார்கள்.
நான் பின்னால் பணப்பையோடு.
தான்கோ டாக்சி ஓட்டுகிறவர்,
இரவெல்லாம் ஓட்டிவிட்டு அப்போதுதான் படுத்திருக்கிறார்.
வீங்கிய கண்களோடு கதவைத் திறந்து
தூதர்கள் சொன்னது முழுவதையும் கேட்டார்.
செடிக்குக் காசு வேண்டாம் என்றார்.
ஒரு வாரத்துக்கு ரகசியச் சொல்லைத்
தனக்கும் சொல்லிவிட வேண்டும்,
அவ்வளவுதான் நிபந்தனை.
மாலையில் நான்கு போல்ட்டுகளோடு வந்து
தகரத்தை இறுக்கிவிட்டுப் போனார்,
குனிந்து, வாசலில் சொல்லைச் சொல்லி.

நேற்று எனக்கு இரவு வேலை.
விடியும் நேரம் வந்து பார்த்தால்
சாவி ஆலையில், ஏப்ரன் பையில்.
உள்ளே என் தங்கை,
காதில் பஞ்சு வைத்துத் தூங்குகிறவள்.
சாய்வாக மழை தொடங்கியது.
போக்கிடமில்லாமல் கோட்டைக்குள் ஊர்ந்தேன்.

கையிருப்பு:
மூன்று உருளைக்கிழங்கு,
பேட்டரி இல்லாத டார்ச்,
ஒரு வாரமாக நான் தேடிய கரண்டி.
சுவரில் கரிக்கட்டையால் எதிரிகள் பட்டியல்:
நாய், அடித்திருந்தது.
தான்கோ, அடித்திருந்தது.
காற்று.

கூரை முனகியது, பறக்கவில்லை.
நண்டு நாறும் கைகளால் முழங்காலைக் கட்டிக்கொண்டு
சுவரில்லாத பக்கம் பார்த்து உட்கார்ந்தேன்.
அங்கே
என் சமையலறை ஜன்னல்.
நேர் எதிரே, ஒரு விரல்கூட விலகாமல்,
நான் நின்று பாத்திரம் கழுவும் இடம்.

எவ்வளவு நேரம் பார்த்தேனோ.
விளக்கு எரிந்தது.
நாற்காலி இழுபடும் சத்தம்,
பிறகு கண்ணாடியில் ராயேனின் நெற்றி.
ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்தது.

“ரகசியச் சொல்?”

“ருபார்ப்” என்றேன், பல் நடுங்க.

“அது நேற்று.”