பதினேழாம் மரம்

தேசிய சேவைக்கு முந்தைய பரிசோதனையில்
புள்ளிகள் மொய்த்த அட்டையைக் காட்டி
"என்ன எண்?" என்றார் மருத்துவர்.
"எண்ணா, எங்கே?" என்றேன்.
சிவப்பும் பச்சையும் எனக்கு
ஆள் மாறாட்டம் செய்யும் இரட்டையர்.

அந்தக் கண்ணோடுதான் இப்போது
லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக் காட்டில்
பழம் எண்ணும் வேலை.

அத்திமரத்தடியில் ஹஸ்லிண்டா
கழுத்து ஒடிய அண்ணாந்து
"கிளைக்கு நாற்பது, நல்ல சிவப்பு" என்பாள்.
எனக்குத் தெரிவது இலை. இலைமேல் இலை.
தான் பார்க்காத கொலையைப் பதிவுசெய்யும்
கோர்ட் குமாஸ்தாவாக எழுதிக்கொள்வேன்.

குரங்குகளுக்கு இந்தத் தொல்லையில்லை.
நீள்வால் கூட்டத்தில் வலக்காது கிழிந்த ஒருத்தி
(ஏட்டில் பெ-4, எங்கள் வாயில் ஆண்ட்டி)
தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்ப்பாள்,
போதும்.
வந்தபின் சந்தேகம் என்றால்
விரலால் அமுக்கி, முகர்ந்து, ஒரு கடி கடித்து எறிவாள்;
தேக்கா சந்தையில் தக்காளி பொறுக்குகிறவர்கள்
அவளிடம் தோற்கவேண்டும்.

கண் பாதி வேலை. மீதியை எதால் அளப்பது?
அத்தி தன் இஷ்டத்துக்குக் காய்க்கும்,
மாதம் கிழமை பார்க்காது.
ஆகவே கடன் கொடுத்தவள் போல
ஆண்ட்டி மரம் மரமாகப் போய்
விசாரித்துவிட்டு வருவாள்.
அவள் போன வழியைப் புள்ளிகளாய்க் கணினியில் இறக்கினால்
மரத்துக்கு மரம்
அடிக்கோல் வைத்து இழுத்த கோடு.

ஜூலையில் பதினேழாம் மரத்தை வெட்டினார்கள்.
காட்டோரம்; சாலை அகலமாக வேண்டுமாம்.
அங்கே ஒரு பச்சைத் தகரத் தடுப்பு.
சிவப்பாகவும் இருக்கலாம்.

பத்தொன்பதாம் நாள், காலை ஏழு நாற்பத்திரண்டு.
கூட்டம் வந்தது, அதே நேர்க்கோட்டில்.
குட்டிகள் தகரத்தைத் தட்டின.
சத்தம் பிடித்துப்போய் மறுபடி தட்டின.
ஆண்ட்டி தடுப்பின்மேல் உட்கார்ந்து
தலையை உயர்த்தினாள்
கீழ்க்கிளை இருந்த உயரத்துக்கு,
சரியாக அந்த உயரத்துக்கு.

ஹஸ்லிண்டா பைனாகுலரை இறக்கிவிட்டாள்.
நான் இறக்கவில்லை.
இரண்டு வருடமாக அந்த இடத்தில்
பழம் இருப்பதாக நம்பி மட்டுமே
பார்த்துப் பழகியவன்.

உணவு: இல்லை.
நடத்தை என்ற கட்டத்தில் போட
எங்கள் குறியீட்டுப் பட்டியலில் எதுவும் பொருந்தவில்லை.
'ஓய்வு' என்று எழுதினேன்.
திரும்பும்போது 167ஆம் பேருந்தில்
அதை அடித்தேன்.

கட்டம் இன்னும் காலி.