சத்தியக்கடதாசி, மூன்றாம் வரைவு

கிளிநொச்சியில் காலை ஏழரை.
நீதிமன்ற வாசலுக்கு எதிரே
என் தட்டச்சு மேசை, மேலே நாலு தகரம்.
லூசியானாவில் இரவு ஒன்பது.
போன் திரையில் ஹன்னா.
சட்டம் படிக்கிறாள், இரண்டாம் வருஷம்.
அங்கே மாணவர்களே வழக்கு நடத்தலாமாம்,
பின்னால் ஒரு பேராசிரியர் நின்றால் போதுமாம்.
அதற்குப் புள்ளியும் உண்டு என்கிறாள்.

அவளுடைய கட்சிக்காரன்
பரந்தன் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்த நிமலரூபன்.
எத்தனையோ எல்லை கடந்து
கடைசி எல்லையில் பிடிபட்டு
அடைப்பில் இருக்கிறான்.
மனைவி யோகமலர் என் பக்கத்தில்.
திரையில் முகம் தெரியும் என்று
பவுடர் போட்டு வந்திருக்கிறாள்.

மூன்றாவது ஆள் மொழிபெயர்ப்பாளர், சென்னைக்காரர்.
"துவக்கு" என்று யோகமலர் சொன்னதும்
"ஆரம்பமா?" என்று கேட்டார்.
இல்லை ஐயா, துப்பாக்கி.
ஆனால் நீங்கள் கேட்டதிலும் பிழையில்லை.

"அமைப்புக்கு என்ன கொடுத்தார்?"
மூன்றாம் முறையாகக் கேட்கிறாள் ஹன்னா.
அவர்களின் சட்டத்தில்
கொஞ்சம் என்று ஒரு அளவு இல்லையாம்.
பயந்து கொடுத்ததும் கொடுத்ததுதானாம்.
சொல்லும்போது அவள் கண் கீழே போகிறது.

யோகமலர் விரல் மடக்குகிறாள்.
உழவு இயந்திர ரியூப்புக்கு ஒட்டு, நாலோ அஞ்சோ.
பங்கர் வெட்ட மூன்று நாள்.
பனங்குற்றி பன்னிரண்டு.
அதற்குப் பிறகு விரல் நின்றுவிட்டது.
"இவற்ற தங்கச்சியையும் எழுதவேணுமோ அக்கா?
அது குடுத்ததோ, கொண்டுபோனதோ?"

ஈ, தா, கொடு.
தாழ்ந்தவன் கேட்டால் ஈ,
ஒத்தவன் கேட்டால் தா,
உயர்ந்தவன் கேட்டால் கொடு.
பத்தாம் வகுப்பில் எழுதி முழுப் புள்ளி எடுத்தேன்.
படலையில் வாகனம் இரைந்துகொண்டு நிற்க
பெயர்ப்பட்டியலோடு ஒருவன் இறங்கிக் கேட்டால்
அதற்கு எந்தச் சொல்?
கேட்டவனும் எங்கட பெடியன்தான்.
என் வகுப்பு. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

ஹன்னா, உனக்குச் சொல்லாத ஒன்று:
நானும் சட்டம் படித்தவள்.
இதே ஊரில், இரண்டரை வருஷம்,
எந்த நாடும் என்றைக்கும் ஏற்காத ஒரு கல்லூரியில்.
ஒப்பந்தம், சாட்சியம், தண்டனைக் கோவை.
"வற்புறுத்தி வாங்கிய சம்மதம் சம்மதமல்ல."
கரும்பலகையில் அதை எழுதிக்கொண்டிருந்தவருக்கு
வெளியே வாகனம் போன சத்தம் கேட்டிருக்கும்.
வரியை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.
நாங்களும் கொப்பியில் இறக்கினோம்.
கொப்பி இரணைப்பாலையில், ஏதோ ஒரு பங்கருக்குள்.
சான்றிதழ் அச்சடிக்கவே இல்லை.
உன் நாட்டுக்கு நான் வந்தால்
அந்தப் படிப்பே எனக்கு எதிரான சாட்சி.
ஆகையால் தட்டச்சு செய்கிறேன்,
பக்கம் நூற்றைம்பது ரூபா.
கையெழுத்துப் போட மட்டும் சமாதான நீதவான் வருவார்,
பத்து மணிக்கு, ஸ்கூட்டரில்.

"'கொடுத்தார்' என்பதை வெட்டிவிட்டு
'எடுத்தார்கள்' என்று போடட்டுமா?"
ஹன்னா கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, சாட்சிக்கு நான் சொல்
எடுத்துக் கொடுக்கக் கூடாது, அது எங்கள் விதி என்றாள்.
மொழிபெயர்ப்பாளர்தான் அப்படிச் சொன்னார்.
எடுத்து, கொடுக்க:
இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில்.
அவர் கவனிக்கவில்லை.

பதினாலாம் பந்தியை நான் இப்படி அடித்தேன்:
எனது கணவரின் தங்கை, வயது பதினேழு,
மார்கழி நாலாம் திகதி இரவு வீட்டில் இருந்தாள்.
ஐந்தாம் திகதி இருக்கவில்லை.
"யார்? எப்படி?" என்று திரை கேட்கிறது.
இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது.

யோகமலருக்கு அது கேட்கவில்லை.
ஒட்டு நாலா அஞ்சா என்று
இன்னும் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
சத்தியம் பண்ணப்போகிறவள்,
பிழையாய்ச் சொல்லிவிடக் கூடாதாம்.