பஞ்சர் கணக்கு

பிவண்டியில் துணி பேல் ஏற்றித்
தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போதே
கடிகாரங்கள் ஓட ஆரம்பித்துவிடும்.
ஏழு நாள் செல்லும் என்கிறது ஈ-வே பில்.
நாற்பத்தைந்து மணி நேரத்தில்
வால்டாக்ஸ் ரோடு குடோனில் நிற்கணும் என்கிறார் சேட்.
எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதே என்று
சட்டத்திலும் எழுதியிருக்கிறதாம்.
வடை மடித்துக் கொடுத்த தாளில் படித்தேன்.
பாதியை எண்ணெய் தின்றிருந்தது.

எனக்கும் அர்த்தநாரிக்கும் தனிக் கணக்கு,
கேபின் கதவின் உள்பக்கம், சாக்பீஸில்.
கோலாப்பூர் தாண்டி அவன் தூங்கியது இரண்டரை.
சித்ரதுர்கா வரை நான் ஒன்றே முக்கால்,
டோல் கேட் வேகத்தடைகளைக் கழித்தால் ஒன்றரை.
போன மாதப் பாக்கி நாலு மணி நேரம்
அவன் எனக்குத் தரணும்.
"வட்டியோட தரேண்ணே" என்பான்,
கண்ணைத் திறக்காமலே.

விடிந்தால் சிட்டிக்குள் நோ என்ட்ரி.
ராத்திரியெல்லாம் பறந்து வந்து
பத்து நிமிஷத்தில் கோட்டைவிட்டு
பகலெல்லாம் நசரத்பேட்டையில் கிடந்திருக்கிறோம்.
தூங்கு தூங்கு என்று ஊரே அனுமதி தரும் அந்த நேரத்தில்
கேபின் இட்லிப் பானை.

மாதவரம் ஆபீஸில் நைட் டியூட்டி நசீமா.
அவள் திரையில் நாங்கள் பச்சைப் புள்ளி.
நின்றால் சிவப்பு.
பத்து நிமிஷம் சிவப்பாக இருந்தால்
முதலாளிக்கே மெசேஜ் போகும்,
அவரும் தூக்கம் வராத மனுஷன்.

வாலாஜா தாண்டினால் ரோடு நேர்.
நேரான ரோடுதான் ஆபத்து,
வளைவு இருந்தால் கையாவது முழித்திருக்கும்.
கார்த்திகையில் ஒரு ராத்திரி, இரண்டே கால் மணி,
சுங்குவார்சத்திரம் நெருங்கும்போது போன்.
"எங்கண்ணே வரீங்க?"
வந்துட்டோம்மா என்றேன்.
"என்னண்ணே, ஒரே வார்த்தைய மூணு தரம் சொல்றீங்க?"
சொன்னேனா? எனக்குத் தெரியாது.
அந்தப் பக்கம் சற்று மௌனம்.
அப்புறம் கீபோர்டு தட்டும் சத்தம்.

"உங்க வண்டி பஞ்சர். பின் சக்கரம், உள்பக்கம்.
ஒன்றரை மணி நேரம் ஆகும்னு
பார்ட்டிக்குச் சொல்லியாச்சு. ஓரமா போடுங்க."

ஓரம் கட்டி இறங்கி
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பத்து டயரையும் ஸ்பேனரால் தட்டினேன்.
பத்தும் கல் மாதிரி இருந்தன.
திரும்பக் கூப்பிட்டு,
"பஞ்சர் இல்லம்மா" என்றேன், முட்டாள் மாதிரி.
"பஞ்சர்தாண்ணே" என்றாள் நசீமா,
"நாலு மணிக்கு எழுப்பறேன்.
விடியறதுக்குள்ள சென்ட்ரல் தாண்டிடலாம்."

ஸ்டியரிங்கில் தலை வைத்ததுதான் ஞாபகம்.
நாலுக்குப் போன் அடித்தது.
கோயம்பேட்டு மேம்பாலத்தில்
எனக்கு முன்னால் போன கொத்தமல்லி வண்டியின் வாசனை
ஒவ்வொரு இலையாக மூக்கில் ஏறியது.
அவ்வளவு தெளிவு.
அர்த்தநாரி எழுந்து கதவைப் பார்த்து,
"இந்த ஒன்றரை யார் கணக்குலண்ணே?" என்றான்.
சாக்பீஸை வாங்கி உள்ளே போட்டேன்.

அதற்கப்புறம் பதினோரு மாதத்தில்
எங்கள் வண்டிக்கு ஒன்பது பஞ்சர்.
ஸ்டெப்னி ஒரு தரம்கூடக் கீழே இறங்கியதில்லை.
அதன் போல்ட்டில் துரு, துருவில் சிலந்தி.

வருஷக் கணக்கு முடிக்கையில்
முதலாளி ரிஜிஸ்டரைப் புரட்டினார்.
"ஒன்பதா? டயர்க்காரன் நம்மள ஏமாத்திட்டான்யா" என்று
அவனை நாலு திட்டு திட்டி
பத்தும் புதுசு போட்டுக் கொடுத்தார்.
கறுப்பு மினுங்க, முள் உதிராமல்,
ரப்பர் வாசனையோடு
ஷெட்டில் நிற்கிறது வண்டி.

கையெழுத்துப் போடப் போனேன்.
நசீமா நிமிரவில்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு,
பக்கத்தில் ஆறிப்போன டீ.
தாளை நகர்த்திக்கொண்டே மெதுவாக,
"புது டயர் பஞ்சர் ஆகாதேண்ணே,
இனிமே என்னன்னு எழுதறது?" என்றாள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.
வாசல் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த அர்த்தநாரிதான்,
கண்ணைத் திறக்காமலே,
"ரேடியேட்டர்" என்றான்.