புள்ளிக்குப் பிறகு

கல்லடியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்,
ஏசி பழுதான அறையில்
நேற்று ஒரு காவலாளியை எழுதினேன்.
நாற்பத்தொரு வரி.
சம்பளம் இல்லை, சாப்பாட்டு நேரம் இல்லை.
சர்வரின் வாசலில் நின்று
வருகிற கோப்பு ஒவ்வொன்றின்
பெயரின் வாலை மட்டும் பார்ப்பான்:
புள்ளிக்குப் பிறகு என்ன?

காரணம் பாஹிம்.
வாழைச்சேனைத் துறைமுகத்தில்
விடியப்புற மீன் விலையைப் பதியும் செயலி எங்களுடையது.
அதன் நிரலுக்குள்ளே
சூரை ஏலம் போகிற வீடியோ ஒன்றை,
முந்நூற்று எண்பது எம்பி,
சும்மா ஒரு உதாரணத்துக்கு என்று தள்ளிவிட்டான்.
அடுத்த நாள் அழித்தும் விட்டான்.
அழித்தென்ன, களஞ்சியம் எதையும் மறக்காது.
பொத்துவிலில் புதிதாய்ச் சேர்ந்த நுஸ்ரியா
முழுப் பிரதியை இறக்க உட்கார்ந்தவள்
அஸருக்கு எழும்பினாள்,
மஃரிபுக்கு எழும்பினாள்.
இல்லாத அந்தச் சூரை
அவளுடைய டேட்டாவைத் தின்றபடி
இறங்கிக்கொண்டே இருந்தது.

ஆகவே சட்டம்.
மூலநிரல் வரலாம். சிஎஸ்வி வரலாம்.
சின்னப் படம், நூறு கேபிக்குள் என்றால், வரலாம்.
வீடியோ, சிப், வேர்ட், எக்ஸெல்,
'இறுதி', 'உண்மையான இறுதி' என்று பெயர் வைத்த எதுவும்
வந்த வழியே போகலாம்.

பத்து மணிக்குள் பாஹிம் ஒரு ஓட்டை கண்டான்.
சிப் கோப்புக்கு டெக்ஸ்ட் என்று வால் மாற்றி அனுப்ப,
என் காவலாளி
சலாம் போட்டு உள்ளே விட்டான்.

புள்ளி வைத்தால் மெய் என்று
இரண்டாம் வகுப்பில் படித்தது.
இங்கே புள்ளிக்குப் பிறகு வருவதை
யாரும் ஒட்டிக்கொள்ளலாம்.

எனவே உள்ளே பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன்.
சிப் எந்தப் பெயரில் வந்தாலும்
பீ, கே என்றே தொடங்கும்.
பிடிஎஃப் நெற்றியில் வீதக் குறியோடு பிறக்கும்.
எவனும் தன் முதல் எழுத்தை ஒளிக்க ஏலாது
என்று துஷ்யந்தினியிடம் பெருமையடித்தேன்.
ஆரையம்பதிக்காரி. சிரிக்கவில்லை.
"முதல் எழுத்துப் பார்க்கிற ஆக்களை
நான் பாலத்தடியில கண்டிருக்கன்"
என்றுவிட்டு
பிளேன்டீயை ஊதினாள்.

பாலத்தடி.
பழைய பாலம், இரண்டு வாகனம் விலத்த முடியாதது.
பஸ்ஸால் இறங்கி, வரிசையில் நடந்து,
அட்டையை நீட்டினால்
பெயரை வாய்க்குள் ஒருதரம் மென்று பார்ப்பார்கள்.
எதில் தொடங்குகிறது, எதில் முடிகிறது,
எந்த ஊர்.
திருப்பி அனுப்பினால் ஏன் என்று சொல்வதில்லை.
எனக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு,
திருப்பி அனுப்பிய அன்று
கணக்குச் சோதனை.

கோப்பு மனிதன் இல்லை, தெரியும்.
வீடியோவுக்கு அவமானம் கிடையாது.
காவலாளியையும் நான் எடுக்கப் போவதில்லை,
நுஸ்ரியாவின் டேட்டாவுக்குக் காசு கட்டுவது யார்?
ஆனாலும் அன்று பின்னேரம்
ஒற்றை வரியை மாற்ற
ஒன்றரை மணித்தியாலம் எடுத்தேன்.
நிராகரிக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது அது.
இப்போது சொல்கிறது:
எந்தக் கோப்பு, எத்தனை எம்பி,
எந்த விதி, ஏன் அந்த விதி,
இதை வைக்க வேறு இடம் எங்கே,
விதி பிழை என்றால் யாரோடு கதைக்கலாம்.
கடைசியில் என் தொலைபேசி இலக்கம்.

இரவு பதினொன்று இருபதுக்கு
முதல் ஆளாய் மாட்டினேன்.
விதிகளை விளக்கும் கையேட்டை
வேர்டில் எழுதித் தொலைத்திருந்தேன்.
உரித்துப் பார்த்தால் அதுவும் சிப்தான்,
அதே பீ, அதே கே.
மறித்தான்.
காரணம் சொன்னான், பணிவாக, ஆறு வரியில்.
யாரோடு கதைக்கலாம் என்றும் சொன்னான்.

மேசையில் கிடந்த கைபேசியைக்
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
பிறகு வெறும் எழுத்தில்
முதலில் இருந்து தட்டத் தொடங்கினேன்.